பொம்மைக்கு எடை கூடவில்லை

முதலில், யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நீள மேசையின் தலைமாட்டில் தலைவி அம்மையார். அவருக்கு வலப்பக்கம் உணவியல் அதிகாரி, இடப்பக்கம் சட்ட ஆலோசகர். உணவியல் அதிகாரிக்கு அடுத்து சுவை அலுவலர். அவருக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் மடித்த கைக்குட்டையும் வைத்திருந்தார்கள். சட்ட ஆலோசகருக்கு அடுத்து துப்புரவுக் கண்காணிப்பாளர். மேசையில் இடம் போதாததால் குறிப்பெழுதுபவர் ஜன்னலோரம், முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு. மேசையின் கால்மாட்டில், உயரமான குழந்தை நாற்காலியில், இடுப்பில் வார் போட்டு மாட்டிய ஒரு ரப்பர் பொம்மை. அதற்கும் பின்னால், சுவரை ஒட்டிய மடக்கு நாற்காலியில், துண்டு சுற்றிய சின்ன எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்தபடி லிஃப்ட் மெக்கானிக். கதவுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேர்: இந்தக் கோடியில் மெக்கானிக்கின் மச்சினனான முடிதிருத்துபவன், அந்தக் கோடியில், தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பஸ் கண்டக்டரம்மா.

எந்தக் குழந்தைக்காக இந்தக் கூட்டமோ, அந்தக் குழந்தை வரவில்லை. கூட்ட அறைக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அவள் அடுத்த அறையில், பதினான்காம் தொட்டிலில் படுத்திருந்தாள்.

சிசு வளர்ப்பு இல்லத்தில் அவளுக்குப் பெயரே பதினான்காம் தொட்டில்தான். மெக்கானிக்குக்கும் அவருடைய மச்சினனுக்கும் அவள் குட்டி. அவளைப் பெற்றவள் பிரசவமான மறு வாரமே காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருந்த மெக்கானிக்கிடம் யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். பால் குடிக்கிற வயது முடியும்வரை குழந்தையை இல்லம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அன்றைக்கு இருந்த நிலையில் லிஃப்டையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார். போட்டார். அந்தத் தாளின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில், ஒரு விதி இருந்தது. வீட்டில் சமைத்த முதல் திட உணவைப் பெற்றவர் கையால் குழந்தை ஏற்றதைத் திட உணவுத் தொடக்கக் குழு நேரில் கண்ட பிறகே குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படும்.

இதில் என்ன கஷ்டம் என்றுதான் அவர் நினைத்தார். ஒரு கரண்டி. ஒரு வாய். அவ்வளவுதானே.

டப்பாவில் இருந்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வேறெதையும் அவர் யோசிக்கவே இல்லை. குட்டி வயிற்றில் இருந்தபோது அவருடைய மனைவிக்கு அந்தக் கிழங்கைத் தவிர எதுவும் இறங்கவில்லை. "பாருங்க, இவளுக்கு முதல்ல இதைத்தான் ஊட்டணும். உள்ள இருக்கும்போதே பழகிட்டா. வேற எதையாவது நீட்டினா நம்ம ரெண்டு பேரையும் முறைப்பா" என்பாள். விளிம்பு மழுங்கிய சின்னக் கரண்டி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தாள். கடையில் நின்றபடியே அதைத் தன் கீழுதட்டில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். அந்தக் கரண்டி இப்போது மெக்கானிக்கின் சட்டைப் பையில், டெஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தது.

கிழங்கைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, சூட்டோடு தோலை உரித்து, நாரைக் களைந்து, டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து இறக்க வேண்டும். பிறகு குழந்தை குடிக்கிற பாலையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தளர்த்த வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழியவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. யோசித்து யோசித்து விழ வேண்டும். பல நாள் காலையில் வேலைக்குப் போகும் முன் செய்து, தானே தின்று, கைப்பழக்கம் ஆகியிருந்தது அவருக்கு.

"மாதிரியை மேசைக்குக் கொண்டுவரலாம்" என்றார் தலைவி.

மெக்கானிக் டப்பாவைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில், இளஞ்சூட்டில், கண்ணாடிபோல் மழமழவென்று இருந்தது. ஒரு குழந்தையின் முதல் வேளைக்குத் தேவையான அளவு. அதாவது, ஒரு கைக்குழி அளவு.

சுவை அலுவலர் முதல் கரண்டியை எடுத்தார். கண்ணை மூடினார். நாக்கைச் சுழற்றினார். தண்ணீர் குடித்தார். "உப்பு இல்லை."

"சார், குழந்தைக்கு ஒரு வயசு வரைக்கும் உப்பு சேர்க்கக் கூடாதுங்க. உங்க வாசல்லயே போர்டு மாட்டியிருக்கீங்களே."

"அது குழந்தைகளுக்கு" என்றார் உணவியல் அதிகாரி, இரண்டாவது கரண்டியை எடுத்தபடி. "இப்ப சாப்பிடுறது நாங்க."

சட்ட ஆலோசகர் எடுத்தார். துப்புரவுக் கண்காணிப்பாளர் எடுத்தார். குறிப்பெழுதுபவர் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து எடுத்தார். "எனக்கு இனிப்பு ஆகாது, ஆனால் பொறுப்பு இருக்கிறதே" என்று சொல்லித் தலைவி எடுத்தார். சுவை அலுவலர் சந்தேகம் தீரவில்லை என்று மறுபடி எடுத்தார். டப்பாவின் அடி பளபளத்தது.

"அடுத்தது, ஊட்டுதல்" என்று தலைவி அறிவித்தார். பிறகு டப்பாவை எட்டிப் பார்த்தார். அவர் முகம் வருத்தத்தில் சுருங்கியது. "குழந்தைக்கு என்று ஒரு கரண்டிகூட எடுத்து வைக்கவில்லையே, ஐயா. நாளைக்கு வீட்டிலும் இப்படித்தான் இருப்பீர்களா?"

குறிப்பெழுதுபவர் எழுதினார்: உப்பு குறைவு. தந்தைக்கு முன்யோசனை குறைவு. ஒத்திவைக்கப்படுகிறது.

வெளியே வந்த மெக்கானிக்கின் கையில் இருந்த காலி டப்பாவைப் பார்த்ததும் மச்சினன் துள்ளி எழுந்தான். "மாமா! குட்டி எல்லாத்தையும் சாப்டுட்டாளா?"

"கமிட்டி சாப்டுடுச்சு."

மச்சினன் திரும்ப உட்கார்ந்தான். கண்டக்டரம்மா பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து, "ஒரு ரூம் நிறைய பெரிய ஆளுங்க, ஒரு குழந்தை சாப்பாட்டுக்கு. டிக்கெட் எடுக்காத கூட்டம்" என்றார். அவருடைய பையன் பதினைந்தாம் தொட்டிலில் இருந்தான். பிரசவத்துக்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே பல மாதங்கள் ஆகிவிட்டன. அந்த இடைவெளியில் அவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். மடியில் ஒரு வாழைப்பழத்தை வைத்துக் கன்றிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு மெக்கானிக் முன்யோசனையோடு வந்தார். பெரிய பாத்திரம் நிறைய மசித்து, மச்சினன் ஒரு காதையும் அவர் ஒரு காதையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். குழு திருப்தியாகச் சாப்பிட்டது. சுவை அலுவலர் தன்னுடைய டம்ளரைக் காலி செய்து அதிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டார். பாத்திரத்தில் இன்னமும் பாதி இருந்தது. மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

சட்ட ஆலோசகர் தொண்டையைக் கனைத்தார். "இவ்வளவு உணவு ஒரு குழந்தைக்குத் தேவையா?"

"இல்லைங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான்..."

"அப்படியானால் இது குழந்தை உணவு அல்ல. பொதுச் சமையல். இப்படிப் பெருமளவில் சமைக்கும் இடத்தைப் பார்வையிடாமல் குழந்தையைக் காட்ட முடியாது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், எங்களைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது பாருங்கள். இந்த இல்லம் இத்தனை ஆண்டுகளாக அந்த ஒன்றில் கண்ணும் கருத்துமாக இருந்து வருகிறது."

அந்த ஒன்றில் அவர்கள் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

துப்புரவுக் கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. அடுப்பு மேடையை விரலால் தடவி விரலைப் பார்த்தார். டீ வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. அது அவருக்குச் சங்கடமாக இருந்தது. அறையில் சுவரோரம் ஒரு தொட்டில் இருந்தது. மெத்தை விரித்து, போர்வை மடித்து வைத்து, காலியாக.

"குழந்தை எங்கே?"

"உங்ககிட்டதான் சார் இருக்கு."

"குழந்தையே இல்லாத வீட்டில் இருக்கிற சமையலறையைக் குழந்தைக்கான சமையலறை என்று நான் எப்படி எழுதுவது?"

"குழந்தையைக் குடுத்தீங்கன்னா இருக்கும் சார்."

"சமையலறை தேறினால்தானே குழந்தையைக் கொடுப்போம்?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் காலித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. அவருக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆகவே குழுவிடம் போய்ப் பேசி, ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வாரத்துக்குக் குழந்தைக்குப் பதிலாகப் பொம்மை வீட்டுக்கு வரும். வேளை தவறாமல் அதற்கு ஊட்ட வேண்டும். அதை வைத்து வீட்டின் தகுதி முடிவாகும்.

பொம்மை, குளிப்பாட்டும் பயிற்சிக்காக எப்போதோ வாங்கியது. அழுத்தினால் கீச்சென்று கத்தும். வாய் திறக்கும்படி செய்யப்படவில்லை. உதடுகள் குவிந்து, இறுக மூடியபடி அச்சில் வார்த்திருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்கிற முகம்.

"மாமா, இது அப்படியே உங்க மேனேஜர் மூஞ்சி" என்றான் மச்சினன்.

முதல் இரண்டு நாள் அவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மெக்கானிக் கிழங்கை மசித்து, கரண்டியில் எடுத்து, பொம்மையின் உதட்டில் வைப்பார். அது தாடையில் வழியும். கரண்டியாலேயே வழித்து மறுபடி உதட்டில் வைப்பார். பிறகு ஈரத்துணியால் துடைப்பார். மச்சினன் கழுத்தில் துண்டு கட்டி, "சார், ஷேவிங்கா கட்டிங்கா?" என்று பொம்மையிடம் கேட்பான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கடையைச் சாத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மெக்கானிக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டியை நீட்டும்போதும் அவருடைய வாயும் 'ஆ' என்று திறந்துகொண்டது. பொம்மை திறக்கவில்லை. அவர் மூடிக்கொள்வார். அடுத்த கரண்டிக்கு மறுபடி திறப்பார். கடைசியில் பொம்மையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"மாமா" என்றான் மச்சினன் மெதுவாக.

"ஏப்பம் வரணும்டா."

அவன் அக்கா இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் செய்து அந்த நிமிஷத்தைத் தாண்ட வைத்திருப்பாள். அவனுக்கு அது வரவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு முகம் தெரியாமல் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான்.

வாரம் முடிந்து பொம்மையை ஒப்படைத்தபோது உணவியல் அதிகாரி அதைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏறவே இல்லை."

"எது சார்?"

"எடை. ஒரு வாரம் முழுக்க உங்க பொறுப்பில் இருந்திருக்கு. துளிகூட ஏறல."

"சார், அது ரப்பர் பொம்மை சார்."

"ரப்பர்ங்கிறது அதோட உடல்வாகு" என்றார் அதிகாரி. அவர் குரலில் கோபம் இல்லை. பலகாலம் பல பெற்றோரைப் பார்த்துச் சலித்த பொறுமைதான் இருந்தது. "எல்லாப் பெத்தவங்களும் இதைத்தான் சொல்றாங்க. ஒல்லியான வம்சம், அப்பா மாதிரி, தாத்தா மாதிரின்னு. ஊட்டினா உடம்பு ஏறும். ஏறலைன்னா ஊட்டலைன்னு அர்த்தம். விஞ்ஞானம் அவ்வளவுதான், ஐயா." பொம்மையை எடுத்து அழுத்தினார். அது கீச்சென்றது. "பாருங்க, அழுது."

குறிப்பெழுதுபவர் எழுதினார்: எடை கூடவில்லை. அழுகை உண்டு.

பொம்மை அடுத்து யார் யாருக்கோ போய்விட்டு மறுபடி மெக்கானிக்கின் முறைக்கு வருவதற்குள் பருவமே மாறிவிட்டது. விடுமுறை நாட்களில் அவர் இல்லத்துக்குப் போய்க் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார். தொற்று வந்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் போக முடியாது. குட்டி உட்காரத் தொடங்கியிருந்தாள். கீழே இரண்டு பல் அரிசிக் குருணைபோல் தெரிந்தது. அவர் கண்ணாடியைத் தட்டி, வாயை 'ஆ' என்று திறந்து காட்டினார். அவள் அவருக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள்.

அப்போதுதான் மணி அடித்தது. சுவரில் மாட்டிய வெண்கல மணி. ஆயாம்மா கயிற்றை இழுத்து அடித்தார். வரிசையாக இருந்த எல்லாத் தொட்டிலிலும் எல்லாக் குழந்தைகளும், மணி ஓய்வதற்குள், ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. பதினான்காம் தொட்டிலும் திறந்தது. ஆயாம்மா டின் மாவில் கரைத்த கூழை, ஈர மணல் நிறத்தில் இருந்த அதை, ஒரு முனையிலிருந்து ஊட்டிக்கொண்டே வந்தார்.

மெக்கானிக் வாசலில் காத்திருந்து ஆயாம்மாவைப் பிடித்தார். "என் பொண்ணுக்கு இன்னும் பால்தானே குடுக்கணும்? கமிட்டி முன்னாடி நான்தானே முதல்ல ஊட்டணும்?"

ஆயாம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்தார். "பேப்பர்ல பால்தான் தம்பி. பேப்பர்ல இன்னும் அவ ஒண்ணுமே தின்னல. ஆனா பால் பத்தாம வீல் வீல்னு கத்தினா நான் என்ன பண்ணட்டும்? பக்கத்துக் குழந்தைங்க தின்றதைப் பார்த்து வாயைச் சப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. மனசு கேக்கல. குடுத்துட்டேன். சொல்லிடாதீங்க, என் பொழப்புப் போயிடும்."

முதல் கரண்டி போய்விட்டது. மெக்கானிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எப்படிச் சாப்டா?" என்றார் கடைசியில்.

"முதல்ல துப்பினா. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சா."

"நல்லதும்மா" என்றார். "பசியில விடாம இருந்தீங்களே." மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறாமல் வீடுவரை நடந்தே போனார்.

பொம்மை இரண்டாம் முறை வந்தபோது அவர் அதற்கு ஊட்டவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அடியில், கீச்சுக் குழல் பொருத்திய துளை இருந்தது. ஆள் ஏறுகிற லிஃப்டுக்கு மறுபக்கம் எடை தொங்க வேண்டும். அது அவருக்குச் சோறு போடுகிற சங்கதி. குழலைப் பிடுங்கினார். கருவிப் பையிலிருந்து நட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். குலுங்காமல் இருக்கக் கழிவுத் துணியைத் திணித்தார்.

"மாமா, ரொம்பப் போடாதீங்க. நடக்க ஆரம்பிச்சிடப் போகுது" என்றான் மச்சினன்.

தராசு முள் ஏறியது. உணவியல் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பொம்மையை அழுத்தினார், சத்தம் வரவில்லை. "அழுகைகூட நின்னு போச்சு!" என்றார் நெகிழ்ந்துபோய். தலைவியைக் கூப்பிட்டார். தலைவி தூக்கிப் பார்த்துவிட்டு, "தாய் இல்லாத வீட்டில் இப்படி ஒரு வளர்ச்சியா!" என்றார். குழு மொத்தமும் கைகட்டி நின்று பொம்மையைப் பார்த்தது. மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

முதல் கவள விழாவுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு மட்டும் கூட்ட அறைக்குள் குழந்தைக்கு அனுமதி. புகைப்படக்காரர் வந்தார். மேசையில் விரிப்பு போட்டார்கள். குட்டியைக் கொண்டுவந்து உயர நாற்காலியில் வைத்தார்கள். பக்கத்தில், முன்மாதிரி என்று பொம்மை. தலைவி எழுந்தார்.

"இந்தக் குழந்தை இன்று முதன்முதலாகத் திட உணவைச் சுவைக்கப் போகிறது. பலர் கேட்கிறார்கள், ஏன் இத்தனை தாமதம் என்று. நாங்கள் நினைத்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருக்கலாம். யாரும் கொடுப்பார்கள். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் ஓர் இல்லம் வேண்டும், ஒரு குழு வேண்டும், ஒரு தலைமை வேண்டும். ஒரு குழந்தையின் வாய்க்கும் கரண்டிக்கும் நடுவே எத்தனை பேர் அக்கறையோடு நிற்கிறோம் என்பதை இந்தத் தந்தை மறக்க மாட்டார் என்று நம்புகிறேன்."

கை தட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த ஆயாம்மா தட்டவில்லை.

மெக்கானிக் டப்பாவைத் திறந்தார். மனைவி வாங்கிய கரண்டியை எடுத்து நுனியில் கொஞ்சமாக எடுத்து, தன் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்து, நீட்டினார். "ஆ, குட்டிம்மா. ஆ."

குட்டி அவரைப் பார்த்தாள். தெரியாத ஒரு ஆள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பொம்மையின் முகமும் அவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன.

"ஆ" என்றார் மறுபடி. புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடிக் காத்திருந்தார். சட்ட ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார். குறிப்பெழுதுபவர் பேனாவை மையில் தொட்டு, 'ஏற்கவில்லை' என்று எழுதுவதற்காகத் தாளில் வைத்தார்.

கதவோரத்தில் ஆயாம்மாவைக் காணோம். அடுத்த அறையில் மணி அடித்தது. வேளைக்கு முன்னாலேயே அடித்தது.

குட்டி வாயைத் திறந்தாள். அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துத் திறந்தாள். கரண்டி உள்ளே போனது. விளக்கு பளிச்சிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கின் கண்ணில் தண்ணீர் நிறைந்ததைப் பார்த்துச் சுவை அலுவலர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதுவும் விழாக் குறிப்பில் ஏறியது.

விழா முடிந்ததும் உணவியல் அதிகாரி ஓர் அறிவிப்பு செய்தார். பொம்மையின் தற்போதைய எடையே இனி எல்லாப் பெற்றோருக்கும் அடிப்படை அளவு. இதற்கு மேல் ஏற்றிக் காட்ட வேண்டும். பிறகு பொம்மையை எடுத்து, பெஞ்சில் காத்திருந்த கண்டக்டரம்மாவின் கையில் கொடுத்தார். அவர் கை ஒரு சாண் கீழே இறங்கியது.

வாசலில், குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய மெக்கானிக்கைக் கண்டக்டரம்மா ஓடிவந்து நிறுத்தினார். "அண்ணே, ஒரு நிமிஷம். அப்படி என்னண்ணே ஊட்டினீங்க? நான் முதல் தடவை வாங்கிட்டுப் போனப்ப, வாழைப்பழம், ஆப்பிள், கேரட்டு எல்லாம் மசிச்சு மசிச்சு வச்சேன். ஒண்ணும் ஏறலைன்னுட்டாங்க."

தலைவி படியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சட்ட ஆலோசகர். தோளில் குட்டியின் மூச்சு மெக்கானிக்கின் கழுத்தில் பட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"சர்க்கரைவள்ளிக் கிழங்குதாங்க" என்றார்.

"அவ்வளவுதானா? ரொம்ப நன்றி அண்ணே" என்றார் அந்த அம்மா. பொம்மையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எந்தக் கடையில் வாங்கலாம் என்று யோசிக்கிற முகத்தோடு போனார்.

வீட்டில் குட்டி வாயைத் திறக்கவில்லை. கிழங்குக்கும் திறக்கவில்லை, ஆப்பிளுக்கும் திறக்கவில்லை. பால் புட்டியைப் பிடித்துக் குடித்தாள். கரண்டி வந்தால் உதடு மூடிக்கொண்டது. மெக்கானிக் ஆடினார், பாடினார். மச்சினன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கழுதைபோல் கத்தினான். குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் பயமில்லை. இவர்கள் எப்போது முடிப்பார்கள் என்கிற மரியாதையான காத்திருப்பு இருந்தது.

மறுநாள் அவர் வேலை செய்யும் கட்டடத்தில் கழற்றிப்போட்ட பழைய லிஃப்ட் ஒன்றின் அபாய மணியைக் கேட்டு வாங்கி வந்தார். பாட்டரியில் இணைத்துச் சமையலறைச் சுவரில் மாட்டினார். அழுத்தினார். அது கணகணவென்று அடித்தது. குட்டி வாயைத் திறந்தாள்.

மச்சினன் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. "அக்கா பார்த்தா என்ன மாமா சொல்லுவா?"

"முதல்ல சிரிப்பா" என்றார் மெக்கானிக். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தடவை அழுத்தினார். கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடிவந்து, யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று கேட்டார்.

ஆனால் இரண்டு மூன்று நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்நேரம் எங்கோ ஒரு வீட்டில் அந்த அம்மா கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பார். பொம்மையின் மூடிய உதட்டில் வைத்து, வழித்து, மறுபடி வைத்து, தானும் வாயைத் திறந்துகொண்டிருப்பார். மச்சினனை பஸ் டிப்போவுக்கு அனுப்பினார். கண்டக்டரம்மா லீவில் இருக்கிறார், வீடு தெரியாது, கடிதம் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்களாம்.

"ஆபீசுக்கே எழுதிப் போட்டா என்ன மாமா? பொம்மை வயித்துல நட்டு இருக்குன்னு?"

"நட்டை விசாரிக்க ஒரு கமிட்டி போடுவாங்க. அது முடியற வரைக்கும் குட்டியைத் திரும்பக் கொண்டாந்து விடச் சொல்லுவாங்க."

மச்சினன் தலையாட்டினான். மெக்கானிக் குட்டியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே, மேலே ஓரத்தில் தேதி போட்டு, கீழே வரிசையாக எழுதினார்.

'அன்புள்ள தங்கைக்கு,

அன்று வாசலில் உங்களிடம் பாதி உண்மைதான் சொன்னேன். கிழங்கு என் மகளுக்கு. பொம்மைக்கு அல்ல.

பொம்மையின் அடியில் துளை இருக்கிறது. நான் போட்ட நட்டுகள் உள்ளே இருக்கின்றன. இத்துடன் ஒரு சின்னப் பொட்டலத்தில் இன்னும் சில வைத்திருக்கிறேன். அவற்றில் கொஞ்சம் மட்டும் சேர்க்கவும். அதிகம் போட்டால் உங்களுக்கு அடுத்து வருபவர் சிரமப்படுவார். அவருக்கும் இதைச் சொல்லிவிடவும். துணியை இறுக்கித் திணிக்கவும்.

உங்கள் மகன் ஏற்கெனவே சாப்பிடுகிறான். முதல் கரண்டி நம் கையால் இல்லை. அதற்காக ஆயாம்மாவைக் கோபிக்க வேண்டாம். அவர் ஒருவர்தான் அங்கே குழந்தையைப் பார்த்தார்.

விழாவன்று அவன் உங்களைப் பார்த்து வாயைத் திறக்கமாட்டான். மனம் தளர வேண்டாம். ஆயாம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். வீட்டில் ஒரு மணி தேவைப்படும். கிடைக்காவிட்டால் எழுதவும், செய்து தருகிறேன். நான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாக அடிக்கிறேன். என்றைக்காவது அடிக்காமலே திறப்பாள் என்று இருக்கிறேன். இன்றைக்கு இன்னும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
பதினான்காம் தொட்டில்.'

டிப்போ விலாசம் எழுதி, நட்டுப் பொட்டலத்தையும் உள்ளே வைத்த உறையில் பசை காய்ந்து போயிருந்தது. நாக்கால் ஈரப்படுத்திப் பார்த்தார், பிடிக்கவில்லை. வீட்டில் கோந்து இல்லை. கிண்ணத்தில் குட்டி வேண்டாமென்று விட்ட கிழங்கு மசியல் ஆறிக் கெட்டிப்பட்டிருந்தது. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உறையின் விளிம்பில் தடவி, மடித்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். நன்றாக ஒட்டிக்கொண்டது.

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருமுனைவரை நடந்தார். தபால் பெட்டி, மணி எதுவும் அடிக்காமலேயே, வாயைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே போட்டார்.